பூப்பெட்டியில் வந்த அந்துப்பூச்சி

எண்பதுகளில் சுவிஸ் மலைப்பக்கம், எங்கடினில், ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். தங்கியதும் அங்கேதான்; அறையில் எனக்கென்று ஒரு பை அரிசி வைத்திருந்தேன். ஒரு காலை, சாப்பாட்டு மண்டபத்தில் ஓர் அந்துப்பூச்சி பறந்தது. சுண்டுவிரல் நகமளவுதான். வைக்கோல் நிறச் சிறகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி, ஓரத்தில் வெள்ளிக் குஞ்சம்.

"உன் அரிசியிலிருந்துதான் வந்திருக்கிறது" என்றான் முதலாளி. இல்லையென்று சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை. அரிசியைக் குப்பையில் கொட்டி, என் அறையில் உடுப்பு, மெத்தை எல்லாவற்றுக்கும் மருந்தடித்தான். கூட வேலை செய்த அண்ணை, "பேசாமல் இரும் தம்பி, வேலை போயிடும்" என்றார். கோப்பை கழுவப் போனேன்.

மறுநாள், பூச்சிகளை ஆராயும் விருந்தாளி ஒருவர் அதைப் பிடித்துப் பார்த்தார். ஆப்பிரிக்க இனம், மேசைப் பூக்கள் கென்யாவிலிருந்து வந்த பெட்டியில் வந்திருக்கும் என்றார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். பூச்சியை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் விட்டு வரவேற்பு மேசையில் வைத்தான். குவளையைத் துடைக்கும் வேலையை எனக்குத் தந்தான். கொட்டிய அரிசிக்கு ஒரு வார்த்தை இல்லை.

துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சீமாட்டி குனிந்து பார்த்தாள். "பாவம், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறது" என்றாள். பிறகு, என் சட்டையிலிருந்த மருந்து நாற்றம் எட்டியதும், மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றாள்.