பார்க்கச் சகிக்காத கைப்பிடிகள்

இலக்குப் பயிற்சிக்கான கைத்துப்பாக்கியை ஒருவருடைய கைக்கென்று அளவெடுத்துச் செய்தால், அது அந்த ஒரு கைக்குச் சுகமாகவும் மற்ற எல்லோர் கண்ணுக்கும் உறுத்தலாகவும் இருக்கும். வெளிநாட்டில், ஹென்டர்சன் என்ற புறநகரில் ஒரு பட்டறையில் பல வருடங்களாக என் வேலை இதுதான். கிளப்பில் அட்டையைக் குறிபார்த்துச் சுடுபவர்கள் வருவார்கள். அவர்கள் பிடிக்கும் விதத்துக்கு ஏற்ப மரக்கட்டையைக் குடைவேன். கை படாத இடத்தில், காய்ந்தால் மரம் போல இறுகும் பட்டிக் களிம்பை அப்புவேன். மறுபடி குடைவேன், மறுபடி அப்புவேன். முடிவில் அது வெயிலில் உருகிய சாக்லேட் கட்டியைப் போல இருக்கும். கையால் எதையாவது செய்து விற்று, "இவ்வளவுதானா?" என்ற பார்வையை வாங்கிப் பழகியவர்களே, இது உங்களுக்கும் பழகிய கதைதான்.

போட்டோவுக்கு வேறு

தனுஜா பக்கத்துப் புறநகரான நியூ லின்னில் கணக்காளர். ஊர் யாழ்ப்பாணம். சின்னக் கை என்பதால் கடையில் வாங்கிய எந்தக் கைப்பிடியும் அவருக்குப் பொருந்தவில்லை. நான் செய்து கொடுத்ததில் கட்டைவிரல் பக்கம் ஒரு பெரிய வீக்கம், அடியில் உள்ளங்கையைத் தாங்க ஒரு பலகைத் துண்டு. வாங்கும்போதே முகம் சுருங்கிற்று.

சில மாதம் கழித்து வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு அண்ணா. எல்லாம் நடுவிலைதான் விழுது. ஆனா போட்டோ எடுக்கேக்கை மட்டும் பழைய துவக்கைத்தான் பிடிக்கிறனான்."

இடது கை

ராஜகோபால் சார் கோயம்புத்தூர்க்காரர். நகரின் இன்னொரு பக்கம், எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் வேலை. கல்லூரி நாளிலிருந்தே துப்பாக்கி சுடுபவர். லேசான பக்கவாதம் வந்து தேறியவருக்கு வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் தாமாக மடங்கவில்லை. துப்பாக்கி கையில் ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு சனிக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்வதாகக் கிளப்பில் சொல்லியிருந்தார்கள். நின்றால் தொடரலாம். நழுவினால் அத்தோடு சரி.

என் முதலாளி கிரெக், இடது கையால் சுடப் பழகலாமே என்றார். சார் அவரிடம் புன்னகைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இடது கைல ஸ்பூன் பிடிச்சாச்சு, மவுஸ் பிடிச்சாச்சு. இதையும் அதுகிட்ட குடுக்க மனசு வரல தம்பி."

மூணு கோட்

மூன்று வாரம் குடைந்தும் அப்பியும் ஒரு கைப்பிடியைக் கொண்டுவந்தேன். துப்பாக்கி பட்டறைப் பெட்டகத்தில் இருக்க, கைப்பிடியை மட்டும் சாரிடம் கொடுத்தனுப்பினேன். டிவி பார்க்கும்போது பிடித்துக்கொண்டே இருங்கள், உறுத்தும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள் என்றேன். இது எங்கள் வழக்கம். உறுத்தல் அரை மணி நேரம் பிடித்த பிறகுதான் தெரியும்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் சாரும் அவர் மனைவி கோமதி அக்காவும் வந்தார்கள். அக்கா ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். "பாதி வேலைல குடுத்து விட்டுட்டீங்க போல. அவருக்குத் தெரியாம நானே உப்புத்தாள் போட்டுத் தேச்சு மூணு கோட் வார்னிஷ் அடிச்சேன். கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க!" உண்மைதான். இந்தப் பட்டறையிலிருந்து இவ்வளவு அழகான பொருள் வெளியே போனதே இல்லை. சார் அதைப் பிடித்துக் கையை நீட்டினார். சோப்பைப் போல வழுக்கி மேசையில் விழுந்தது.

எந்த மேட்டில் எந்த விரல் உட்கார்ந்திருந்தது என்று அக்காவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் அந்த இடங்களைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ அந்த மேடு பள்ளமெல்லாம் இவரோட கையா?"

பட்டி காயும்வரை

புதிதாகக் குடைய நேரமில்லை. வார்னிஷைச் சுரண்டிவிட்டுப் பட்டியைக் கனமாக அப்பினேன். சார் வலது கையில் சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, இடது கையால் அடியைத் தாங்கியபடி அப்படியே பிடிக்கச் சொன்னேன். மடங்காத இரண்டு விரல்களைப் பட்டி இறுகும்வரை யாராவது அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நான் கேட்பதற்குள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்துவிட்டார். பட்டறைக்குப் பின்னால் ரயில்கள் போவதும் வருவதும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சார்தான் வாயைத் திறந்தார், "கோமு, மூக்கு அரிக்குது" என்று. இன்னொரு கையால் அதையும் அக்கா சொறிந்துவிட்டார்.

இறுகியதும் பார்த்தால், சாரின் விரல் தடங்களுக்கு வெளியே அக்காவின் விரல்நுனிகள் பதிந்த குழிகள். பிடிப்புக்கு அவை தேவையில்லை. தேய்த்துவிடட்டுமா என்று உப்புத்தாளை எடுத்தேன். சார் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்கே இனிமே உப்புத்தாள் ஆகாது தம்பி. வையுங்க கீழ."

சனிக்கிழமை

துப்பாக்கியோடு நானும் போனேன். அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுடுதளப் பொறுப்பாளர் வயதானவர், கறாரானவர். குண்டு போடாமல் முதலில் பிடிக்கச் சொன்னார். பின்பு ஒன்று, அதன் பின் வரிசையாக. அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை, சாரின் மணிக்கட்டை மட்டும் பார்த்தார். முடிந்ததும் துப்பாக்கியை வாங்கிக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமான ஒன்றைப் பார்த்ததில்லை. கொஞ்சமும் அசையவில்லை. அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வாருங்கள், பார்க்கிங் கிடைக்காது."

அடுத்த ஆர்டர்

போன வாரம் கோமதி அக்கா தனியாக வந்தார். பையிலிருந்து சாரின் காபிக் கோப்பை, பல் துலக்கும் பிரஷ், வெண்டைக்காய் நறுக்கும் சின்னக் கத்தி எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார். வலது கையாலேயே எல்லாம் செய்ய சார் ஆசைப்படுகிறாராம். இது துப்பாக்கிப் பட்டறை அக்கா என்று மெதுவாகச் சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. "அளவு எடுக்க அவரைச் சாயங்காலம் கூட்டிட்டு வரேன். அழகா எல்லாம் வேண்டாம் தம்பி, அழகா மட்டும் செஞ்சுடாதீங்க."

அழகில்லை என்று திட்டு வாங்கியே ஓய்ந்துபோன எங்களுக்கு, அழகே வேண்டாம் என்று ஆர்டர் வருவதுதான் கிடைக்கக்கூடிய ஒரே பதவி உயர்வு.