உறைமோர் கொடுக்கிற நேரம்

இங்கே வளர்ந்த மனிதர்கள் மீனோடு பால் குடிக்கிறார்கள். நோர்வே நாட்டின் வட கரையில், நான் மீன் வெட்டும் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில் முதல் நாளே இதைக் கண்டேன். தாடி வைத்த ஆம்பிளைகள் அவித்த மீனையும் உருளைக்கிழங்கையும் தின்றுவிட்டு, ஆளுக்கு ஒரு பெரிய கிளாஸ் பச்சைப் பாலைத் தண்ணீர்போலக் குடித்தார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், எங்கள் புளியங்கூடலில் மீன் காய்ச்சிய நாளில் பாலைத் தொடமாட்டோம். தொட்டால் தோலில் வெள்ளை விழும் என்று பயம். யாருக்கு வெள்ளை விழுந்திருக்கிறது என்று அந்த மேசை முழுக்கப் பார்த்தேன். எல்லோரும் பிறவியிலேயே வெள்ளை. ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிள்ளைகளே, ஊரில் எங்களுக்கும் ஒரு மாடு நின்றது. காலையில் கறக்கும் பால் போத்தலில் ஊர்காவற்றுறைத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடும். பின்னேரப் பாலை அம்மா காய்ச்சி உறைய வைத்துவிடுவா. எங்கள் வயிற்றுக்குள் போனதெல்லாம் தயிரும் மோரும்தான். கடை பூட்டுகிற நாட்களில் மட்டும் ஆளுக்கொரு பேணி பால் கிடைக்கும். என் அண்ணைக்கு அது ஆகாது. தன் பேணியைக் கொண்டுபோய்க் கன்றுக்குட்டிக்கு ஊற்றுவார். ஒருநாள் எங்கள் தகப்பன், அப்பு, கண்டுவிட்டார். "கிடையாத சாமானை ஊத்திற கள்ளன்" என்று பூவரசந் தடியால் அடித்தார். "வயிறு குத்துது அப்பு" என்று அண்ணை அழுததை நாங்கள் யாரும் நம்பவில்லை. நானும் சிரித்தேன்.

நான் நான்கு வருடம் தனியே இருந்த பிறகுதான் மனைவி ஈசுவரியும் ஆறு வயது மகள் மலரும் வந்து சேர்ந்தார்கள். வந்த மாதமே மலருக்கு வயிற்றுக்குத்து தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் தினமும் பால் கொடுப்பார்கள். வீட்டில் நான் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் மீன். "மீனும் பாலும் சேர்ந்ததுதான். நான் அப்பவே சொன்னனான் எல்லே?" என்றாள் ஈசுவரி. எனக்கும் அது சரியாகவே பட்டது. மீனை நிறுத்தினோம். மூன்று கிழமை வீட்டில் மீன்சட்டி அடுப்பேறவில்லை. பெலன் குறையக்கூடாதென்று காலையும் மாலையும் இன்னும் இரண்டு கிளாஸ் பால் கொடுத்தோம்.

"அப்பா, எனக்கு ஏலாது. மீனைத் தாங்கோ, பாலை நீங்கள் குடியுங்கோ" என்று மலர் கெஞ்சினாள். "ஊரில நாங்கள் ஒரு பேணிக்கு ஆலாப்பறந்தனாங்கள், குடியும்!" என்று நான் அவள் இருந்த கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளை ஈர்க்குப்போல ஆனாள். ஒருநாள் ஈசுவரி சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இவள் இஞ்ச தரிக்கமாட்டாள். நான் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன். நீங்கள் இருந்து உழையுங்கோ." கோபமில்லாமல் சொன்னாள், அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. அந்த நான்கு வருடத்தை இன்னொருமுறை வாழ என்னால் முடியாது.

அந்தக் கிழமை கொஞ்சம் வெப்பமான காற்று வீசிப் பனி இளகியது. நாங்கள் சமைக்கிற குசினியின் யன்னலுக்குக் கீழே அயல்வீட்டுப் பூனை எதையோ நக்கிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். நான் பக்கத்தில் நில்லாத நேரங்களில் மலர் யன்னலால் ஊற்றிய பால் கட்டியாய் உறைந்திருந்தது. வெள்ளைக்குள் வெள்ளை, அத்தனை நாளும் கண்ணுக்குத் தெரியவில்லை. கையை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். மலர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "பூனைக்கு வயிறு குத்தேல்லையே அப்பா" என்றாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. எனக்குக் கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது.

அடுத்த நாளே நேர்ஸிடம் கூட்டிப்போனேன். மலருக்கு என்னென்ன கொடுக்கிறோம் என்று விசாரித்துவிட்டு, அந்த மனிசி குடல் படம் ஒன்றைக் கடதாசியில் கீறி, பாலில் ஒரு சீனி இருக்கிறது என்றா. "எங்கட வீட்டில பாலுக்குச் சீனி போடுறேல்லை" என்று எனக்குத் தெரிந்த நோர்வே பாஷையில் சத்தியம் செய்தேன். அவ சிரித்துவிட்டு மறுபடியும் கீறினா. பாலுக்குள்ளேயே பிறக்கிற சீனியாம், லக்டோஸ் என்று பேர். பால்குடி மறந்த பிறகு கனபேரின் குடலுக்கு அதைச் செமிக்க முடியாதாம். "உங்கள் மகளுக்கு நோய் இல்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அவளைப்போலத்தான். நாங்கள்தான் வேறு மாதிரி" என்று அவ சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மருந்துக்கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னப் போத்தல் எடுப்பித்துத் தந்தார். அதில் சில துளிகளைப் பாலில் விட்டு, ஒருநாள் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். துளிமருந்து அந்தச் சீனியை முன்கூட்டியே உடைத்துவிடுமாம். மலர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போட்டனீங்களோ?" என்று கேட்டாள். அவ்வளவு இனிப்பு. அன்றைக்கு வயிறு குத்தவில்லை. வீட்டில் மீன்சட்டியும் அடுப்பேறியது.

அண்ணைக்கு எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்பும் கேட்டேன். பதில் வந்தது: "உன்ர காயிதத்தை அப்புவின்ர படத்துக்கு முன்னால நிண்டு பலமா வாசிச்சனான். கள்ளன் எண்ட பேர் இண்டைக்குத்தான் போச்சு." சிரிக்கத்தான் எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துளிமருந்து தீர்ந்தால் மறு போத்தல் வர மாதமாகும். அப்படி ஒரு மாதத்தில், தயிர் கொடுத்துப் பார்க்கலாம் என்றா நேர்ஸ். புளிக்கும்போது அந்தச் சீனி குறையுமாம். ஈசுவரி கடையில் விற்கும் புளித்த பாலில் ஒரு கரண்டியைக் காய்ச்சிய பாலுக்கு விட்டு, சட்டியைச் சூடேற்றிக்குப் பக்கத்தில் கம்பளியால் மூடிவைத்தாள். விடிய எழும்பிப் பார்த்தால் வெட்டியெடுக்கக்கூடிய தயிர். மலர் இரண்டு கோப்பை தின்றாள். ஊருக்குப் போகிற கதையை அதற்குப் பிறகு ஈசுவரி எடுக்கவில்லை. ஆனால் ஊர் நேரம் காட்டும் என் பழைய மணிக்கூடு குசினி ஆணியில் தொங்குகிறது. அதற்குச் சாவி கொடுப்பவள் அவள்தான்.

இந்த மாரியில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குச் செல்வராசா வந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து மண்டைதீவார், என்னோடு மீன் வெட்டுகிறவர். அவருடைய மனைவிக்கும் இப்போது அதே வயிற்றுக்குத்து. இங்கே மாரியில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. பத்து மணிக்கும் கும்மிருட்டு, வீதியெல்லாம் விளக்கு. "அக்கா, ஒரு கரண்டி உறைமோர் தாருங்கோ" என்றவர், உடனே நாக்கைக் கடித்தார். விளக்கு வைத்தபின் எங்கள் பக்கத்தில் மோர் வெளியே கொடுப்பதில்லை. வீட்டுச் சீதேவி போய்விடும் என்பார்கள். "விளக்கு வைச்சாச்சு எண்டு சொல்லிப்போடாதேங்கோ அக்கா. இஞ்ச விளக்கை அணைச்சால்தானே திரும்ப வைக்கிறதுக்கு! தை மாதம் சூரியன் வரும்வரைக்கும் நான் காத்துநிக்கவோ?"

ஈசுவரி சிரிக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி யன்னலைப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டரை.

"அங்க இப்ப நல்ல வெயில்" என்றாள். "பிடியும் தம்பி."

புளியங்கூடல் வெயிலில் கொடுத்த மோரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, டோர்ச் வெளிச்சத்தில் பனிக்குள்ளால் நடந்து போனார் செல்வராசா.