இரண்டு ஊர் ராகு காலம்

துபாயில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ரயில் பாலம் வரைக்கும் ஒரு தடவை சைக்கிளில் போய் வர வேண்டும். நகை கேட்கவில்லை, ஐரோப்பா டூர் கேட்கவில்லை. போக பதினோரு கிலோமீட்டர், வர பதினோரு கிலோமீட்டர். அதற்கு என்னை என்ன பாடு படுத்தினார்கள் என்று இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போனால் மலைகள் வரும். மலைகளுக்கு நடுவே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆறு என்றதும் தண்ணீரை எதிர்பார்க்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் ஓடும், மற்ற நாளெல்லாம் உருண்டைக் கல்தான். சரக்கு ரயிலுக்குத் தண்டவாளம் போட்டபோது லாரிகள் போய்வர ஆற்றோரமாக ஒரு சரளைப் பாதை வெட்டியிருந்தார்கள். வேலை முடிந்து லாரிகள் போய்விட்டன, பாதை மட்டும் தங்கிவிட்டது. சனி ஞாயிறுகளில் சைக்கிள்காரர்கள் வருவார்கள். பாதை முடிகிற இடத்தில், தலைக்கு மேலே வெகு உயரத்தில், இந்த மலைக்கும் அந்த மலைக்குமாக ரயில் பாலம் போகும்.

நாங்கள் அங்கே நாலு முறை போயிருக்கிறோம். ஒரு முறைகூடப் பாலத்தை எட்டியதில்லை. முதல் முறை என் கணவருக்கு முழங்கால் வலி. இரண்டாம் முறை, ஆறாவது கிலோமீட்டரில் விரிப்பை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் முறை தூசிக்காற்று. நாலாம் முறை ஏன் திரும்பினோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "போதும், திரும்பலாம்" என்றார் கணவர், திரும்பினோம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். துபாயில் டிரைவிங் டெஸ்டில் ஆறு முறை தோற்றவள் நான். ஒரு தடவை வேகம், ஒரு தடவை வேகம் போதவில்லை, ஒரு தடவை கண்ணாடியைப் பார்க்கவில்லை, அடுத்த தடவை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். ஆறாவது முறை தோற்ற வாரத்தில் சத்வா கடைத்தெருவுக்குப் போய் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். நாற்பத்தைந்து வயதில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பார்க்கிங்கில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். யாரும் கூட்டிக்கொண்டு போகாமல், யாரும் இறக்கிவிடாமல், நானாக ஓட்டிக்கொண்டு போகிற வண்டி எனக்கு அது ஒன்றுதான்.

நானாக என்று சொன்னேனே, அதிலும் பாதிதான் உண்மை. சைக்கிளை நான் வாங்கிய மறுமாதமே அவரும் ஒன்று வாங்கினார். எப்போதும் எனக்கு முன்னால்தான் போவார். நூறடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "கல்லு, பாத்து!", "பள்ளம், பாத்து!" என்று கத்துவார். பஞ்சர் ஒட்டுகிற சாமான், பம்ப் எல்லாம் அவர் பையில்தான் இருக்கும். என்னிடம் தண்ணீர் பாட்டில் மட்டும்.

நாங்கள் அங்கே இருந்த கடைசி வருஷம் அவருக்கு வேலை போயிற்று. கோயம்புத்தூருக்கே திரும்பிவிடுவது என்று முடிவானது. கார்கோவில் போகிற சாமான் பட்டியலில் மிக்ஸி இருந்தது, குக்கர் இருந்தது, உட்காரவே முடியாத ஒரு சோபாகூட இருந்தது. சைக்கிள்கள் இல்லை. என்னுடையதை வாங்கிக்கொள்ள அடுத்த வியாழக்கிழமை ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண் வருவதாக இருந்தது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. ஆக, பாலம் வரை போக எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

காலை ஆறரைக்குப் பாதையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எட்டரைக்குள் பாலம், பத்து மணிக்குள் கார். கணவரோடு வேலை பார்த்த ஒரு திருச்சிக்காரரும் அவர் மனைவியும் எங்களோடு வருவதாகச் சொன்னார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. அந்த அம்மாள் இட்லி, இரண்டு சட்னி, புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டி முடித்துக் கீழே வரும்போது மணி ஆறு. இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு வகை சாதம்! பாதையின் தொடக்கத்தில் நாங்கள் காரை நிறுத்தியபோது ஏழு முப்பத்தைந்து.

சைக்கிளை இறக்கி, ஹெல்மெட்டை மாட்டி, ஒரு காலைத் தூக்கிப் போட்டேன். என் கணவர் வாட்சைப் பார்த்தார்.

"இப்ப வேண்டாம். ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு."

சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அது எனக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அது ஊர்க் கணக்கு. எங்கள் வீட்டுத் தினசரி காலண்டர் கோயம்புத்தூரில் அச்சடித்தது, அதனால் அதில் போட்டிருப்பதும் அந்த ஊர் மணிதான் என்பது அவருடைய வாதம். இந்தியாவில் ஒன்பது என்றால் இங்கே ஏழரை. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அதற்கு அவரிடம் சாட்சியும் உண்டு. வேலை முடிந்தது என்ற கடிதத்தைக் கம்பெனியில் அவர் கையில் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. ஊரில் அப்போது மூன்றரை, சுத்தமான ராகு காலம். அன்றிலிருந்து அவர் பால் பாக்கெட் வாங்கப் போவதற்குக்கூடக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ட விட்டு ஆறு மணிக்கே கெளம்பியாச்சுங்களே!" என்றேன்.

"அது கார்ல கெளம்புனது. சைக்கிள்ல இனிமேதான கெளம்பப் போறோம்?"

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒன்பதுக்குக் கிளம்பினால் வெயிலில் வெந்தாவது போய்விடலாம். அந்த நேரம் பார்த்துத் திருச்சிக்காரர் வாயைத் திறந்தார்.

"அண்ணே, நீங்க தப்பா சொல்றீங்க. சூரியன் எந்த ஊர்ல உதிக்குதோ அந்த ஊர்க் கணக்குதான். இங்க ஒம்போதுல இருந்து பத்தரை. இப்ப தாராளமா போலாம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசினார்கள். சூரிய உதயம், அட்சரேகை, யாரோ ஜோசியர், யாரோ மாமா. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். எதற்கு வம்பு, இரண்டு ராகு காலமும் கழியட்டும். அதாவது ஏழரையிலிருந்து ஒன்பது வரை இவருடையது, ஒன்பதிலிருந்து பத்தரை வரை அவருடையது. ராகுவுக்கே அன்றைக்கு மூச்சு வாங்கியிருக்கும். பத்தரை மணிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் கல் மேல் தோசை வார்க்கலாம், சைக்கிள் ஓட்ட முடியாது. படித்த மனிதர்கள், இரண்டு பேரும் என்ஜினீயர்கள்.

அந்த அம்மாள் விரிப்பை விரித்தாள். "அக்கா, வாங்க, இட்லி சூடா இருக்கு" என்றாள். அவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"டயர்ல காத்து சரியா இருக்கான்னு ஒரு சுத்து பாத்துட்டு வரேன்" என்றேன். மணி ஏழு ஐம்பது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, சட்னி திறந்திருந்தது.

முதல் வளைவு வரைக்கும் மெதுவாகத்தான் போனேன். வளைவு தாண்டியதும் மிதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு மிதி. கோபத்தில் நாலு கிலோமீட்டர் போனதே தெரியவில்லை. ஐந்தாவதில் போன் அடித்தது, எடுக்கவில்லை. ஆறாவதில் சிக்னலே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சரளையில் டயர் உருளுகிற சத்தம், என் மூச்சு, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பழுப்பு மலை. ஓரிடத்தில் பாறை இடுக்கில் நிஜமாகவே தண்ணீர் தேங்கியிருந்தது, அதில் விரல் நீள மீன்கள். நாலு முறை வந்தும் இதைப் பார்த்ததில்லை. 'பாத்து, பாத்து' என்று கேட்டுக்கொண்டிருந்தால் எதைத்தான் பார்க்க முடியும்?

கடைசி வளைவில் பாலம் தெரிந்தது. தெரிந்த அதே நொடியில் பின் டயர் உஸ்ஸென்றது. குனிந்து பார்த்தால் கருவேல முள் போல ஒரு நீள முள். அந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். நிமிர்வதற்குள் கடைசி மூன்று பெட்டிகள்தான் மிச்சம். ஐந்தாவது தடவையில் ஒருவழியாகப் பாலத்துக்கு வந்தால் ரயில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. வாய்விட்டுத் திட்டினேன். ரயிலை, ராகுவை, இரண்டு சாதத்தை, எல்லாரையும்.

பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாலத்தின் தூணைக் கையால் தொட்டேன். வந்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நிழலில் உட்கார்ந்து பாட்டிலை முடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பஞ்சர் ஒட்ட எதுவும் இல்லை, தண்ணீர் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பதினோரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். அவர் என்ன சொல்வார் என்பதும் காதில் விழுந்துவிட்டது. ராகு காலத்துல கெளம்புனா இப்படித்தான்.

வளைவில் ஓர் ஆள் வருவது தெரிந்தது. சட்டை தொப்பலாக நனைந்து, ஒரு காலைச் சரியாக மடக்காமல் மிதித்துக்கொண்டு, என் கணவர். முதுகில் அந்தப் பை.

வந்து இறங்கினார். தண்ணீரை நீட்டினார். நான் குடித்து முடிக்கும்வரை பின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம வந்துட்டியே."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

பையைத் திறந்து சாமானை எடுத்தார்.

"நீங்க எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?" என்றேன்.

"ஒம்போது அடிச்சதுக்கப்பறந்தான். நேரம் முடிஞ்சுதான் கெளம்புனேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வாட்சைப் பார்த்தேன். ஒன்பது பதினாறு. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, சரளைப் பாதையில், பதினோரு கிலோமீட்டரைப் பதினாறு நிமிடத்தில்! அவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையவே குறையாது. அவருடைய ராகு காலத்தின் நட்ட நடுவில்தான் கிளம்பியிருக்கிறார். வேலை போன மனுஷன், பால் பாக்கெட்டுக்கே நேரம் பார்க்கிறவர்.

கேட்டிருக்கலாம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக எதையும் கேட்காமல் விட்டவள் இல்லை நான். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு டயரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ட்யூபை உரசி ஒட்டினார்.

திரும்பும்போது வழக்கம்போல அவர் முன்னால் போவார் என்று நின்றேன். "நீயே முன்னால போ" என்றார்.

போனேன். கல் வந்தது, பள்ளம் வந்தது. பின்னாலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இவ்வளவு நாள் நான் கேட்டது இதைத்தானே? ஆனால் பாருங்கள், நூறடிக்கு ஒரு தரம் நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.