வெளிச்சம் தங்காத டிவி

இது நடந்தது. கேட்டவர்கள் பாதிப் பேர் கதை என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நானே எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஈப்போவில் பதினெட்டு வருஷம் டிவி பழுது பார்த்தவன் நான். இந்தத் தொழிலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்டியை அல்ல, வீட்டில் இருப்பவர்களை. "தானா கெட்டுப் போச்சு" என்பார்கள். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பாதி பிஸ்கட் கிடக்கும்.

1981. பீடோரிலிருந்து அப்பாவு என் கடைக்கு வந்தார். மகள் செல்லாயிக்குச் சீர் கொடுக்க என்னிடம்தான் கறுப்பு வெள்ளை டிவி வாங்கியிருந்தார். மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, நாலு கால். செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்யும் மாயாண்டிக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்.

"தம்பி, டிவி மங்குது லா. போட்டா நல்லா தெரியுது, கொஞ்ச நேரத்துல இருட்டாப் போயிடுது. சம்பந்தி அம்மா வீரம்மா இருக்கே, ஓட்ட டிவியக் குடுத்து ஏமாத்திட்டேன்னு லயத்து வீடு பூரா சொல்லுது. இந்த வாரத்துல சரியாகலேன்னா டிவியையும் பொண்ணையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிடுமாம்."

சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பழைய டியூப் ஏதும் போட்டு வித்துட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனிதர் கண் கலங்கி நிற்கும்போது கோபப்பட முடியுமா? டிவியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி மூன்று நாள் ஓடவிட்டேன். பளிச்சென்று இருந்தது. ஒரு குறையும் இல்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது மாமியார் வேலை. மருமகளைப் பிடிக்கவில்லை, துரத்த ஒரு சாக்கு வேண்டும், யாரும் பார்க்காத நேரத்தில் வெளிச்சத் திருகைக் குறைத்து வைக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை பிழைக்கும். டிவியை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

தோட்டத்தில் ஆறு மணிக்குத்தான் இன்ஜின் ஓடி கரண்டு வரும். அதற்கு முன்பே போய்விட்டேன். டிவியை முன்கூடத்தில் இறக்கப் போனேன். வீரம்மா விடவில்லை.

"இங்க எடம் பத்தாது. உள்ளறையில வைங்க தம்பி."

உள்ளறையில் ஒரு ஜன்னல் இருந்தது. பலகை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள்.

"ஏன் அடைச்சு வச்சிருக்கீங்க?"

"மழைச் சாரல் அடிக்கும்."

பலகையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட தடம் கூட இல்லை. இந்த அம்மாள் வாயைத் திறந்தால் பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்டு வந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் ஆடாமல் நின்றது, கரண்டில் குறை இல்லை. டிவியைப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. வெளிச்சத் திருகின் தலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அதற்கு நேராகப் பெட்டியிலும் ஒரு கோடு. யாராவது தொட்டால் கோடு விலகிவிடும். அதை யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு எல்லாரும் முன்கூடத்தில் தேநீர் குடித்தோம். மாயாண்டி தலையைத் தூக்கவே இல்லை. செல்லாயி என் கோப்பையை வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"நான் தொடவே இல்லண்ணே. சத்தியமா."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். படம் மங்கியிருந்தது.

கோடும் விலகியிருந்தது.

வீரம்மா என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே இல்லை. மாயாண்டியும் அப்படித்தான். செல்லாயி மட்டும் அடுப்படிக்குப் போய் வந்தாள். அடுப்படி பின்பக்கம். உள்ளறைக்குள் போக, நாங்கள் உட்கார்ந்திருந்த முன்கூடத்தில் இருக்கும் ஒரு வாசல்தான்.

அப்படியென்றால் யார்?

மூவரையும் வெளியே அஞ்சடியில், வீட்டு முன் நடைபாதையில் நிற்கச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். டிவி முன்னால் தனியாக உட்கார்ந்தேன். மணி ஏழு பத்து. அன்று தமிழ்ப் படம் போடும் நாள். பக்கத்து வீடுகளிலிருந்து பாட்டு கேட்டது. திருகைக் கூட்டி வைத்தேன்.

ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை.

பிறகு வேப்பிலை வாசனை வந்தது. அரைத்த மஞ்சளும் கலந்த வாசனை. வெளியே யாராவது அரைக்கிறார்களோ என்று நினைத்தேன்.

டிக்...

திருகு அசைந்தது.

என் கண் முன்னால்... மெதுவாக... இடப்பக்கம் திரும்பியது. படத்தில் முகங்கள் மங்கின.

ஸ்பிரிங் ஏதாவது இழுக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு விரலால் திருகை இறுக்கிப் பிடித்தேன்.

அது என் பிடிக்கு எதிராகத் திரும்பியது.

பலமாக இல்லை. சீக்காளி கை போல, சோர்ந்து சோர்ந்து...

அப்புறம்தான் உணர்ந்தேன்.

என் விரல்மேல் விரல்கள் இருந்தன.

சூடு... காய்ச்சல் சூடு.

திரை இருண்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். செல்லாயி தண்ணீர் கொண்டுவர ஓடினாள். வீரம்மா குனிந்து, மகன் காதில்கூட விழாதபடி கேட்டாள்.

"கை சுட்டுச்சா தம்பி?"

நான் அவளிடம் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அடுத்த நொடி சட்டென்று நிமிர்ந்து கத்த ஆரம்பித்தாள்.

"ரிப்பேர்காரரே பயந்துட்டாரு! எல்லாம் இவ வந்த நேரம்! தம்பி, டிவியையும் இவளையும் இப்பவே கொண்டு போய் இவ அப்பன் வீட்டுல விட்டுருங்க!"

"ஏம்மா, அந்தப் புள்ள என்னா செஞ்சிச்சு?" என்று கேட்டேன். எனக்கு உடம்பெல்லாம் ஆத்திரம். மாயாண்டி டிவியைத் தூக்கி வேனில் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டான். செல்லாயி பின்னால் துணி மூட்டையோடு உட்கார்ந்து பீடோர் வரை அழுதாள். நல்ல வேலை செய்தேன்! ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றப் போய், நானே அவளை வாழாவெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினேன். அன்று தூக்கம் வரவில்லை.

நாலாம் நாள் அப்பாவு போன் பண்ணினார். செல்லாயிக்குக் கடும் காய்ச்சல். உடம்பெல்லாம் அம்மை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம்.

பார்க்கப் போனேன். தனி வார்டு. உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வெளியே பெஞ்சில் அப்பாவுவும் மாயாண்டியும் இருந்தார்கள். மாயாண்டி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

"மொதல்ல எனக்கு ஒரு பொண்டாட்டி இருந்தாண்ணே. இருளாயி. இதே மாதிரிதான் அம்மை போட்டுச்சு. தோட்டத்துல மருந்து குடுக்குற டிரெசருக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடுவாரு, ஆத்தா கோவிச்சுக்கும்னு அம்மா மறைச்சிருச்சு. உள்ளறையில போட்டு, ஜன்னல அடிச்சு... விளக்க கிட்ட கொண்டு போனாலே கண்ணு கூசுதுன்னு கைய நீட்டித் திரிய எறக்கிடுவா. தண்ணி ஊத்துற நாள் வர்றதுக்குள்ள போய்ட்டா."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களாடா?" என்று அப்பாவு அவன் சட்டையைப் பிடித்தார்.

நான் இடையில் புகுந்து விலக்கினேன். எனக்கு வேறு யோசனை. செல்லாயி அந்த வீட்டிலேயே இருந்திருந்தால் அவளுக்கும் அதே உள்ளறைதான். டிவி மங்காமல் இருந்திருந்தால் அவளை யாரும் வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். என் கையைப் பிடித்தது அவளைத் துரத்தியதா, தப்பிக்க வைத்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது வார்டுக் கதவு திறந்தது. நர்ஸ் கெர்ட்ரூட் வந்தாள். தமிழ்ப் பெண். கொஞ்சம் கோபமாக இருந்தாள்.

"அங்கிள், உங்க மகளுக்கு இப்ப பரவால்ல. ஆனா ராத்திரி கூட இருக்குற அக்காவ வீட்டுக்கு அனுப்பிருங்க லா. போகச் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. அவங்க மூஞ்சி பூரா அம்மை போட்டிருக்கு."

அப்பாவு என்னைப் பார்த்தார். அவர் மனைவி இறந்து ஆறு வருஷம். செல்லாயிக்கு அக்கா தங்கை கிடையாது. அந்த வார்டில் அவளோடு யாரையும் தங்க விட்டதே இல்லை.