டெஸ்ட் மெசேஜ், பதில் போட வேண்டாம்

ஊரில் எல்லாரும் யாரிடமாவது ஏதாவது சொல்வதற்காக மெசேஜ் போடுகிறார்கள். போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமே போடுகிற ஜாதி ஒன்று உண்டு, அதுதான் ஆப் டெஸ்டர். கேட்காமலேயே ஏதோ ஒரு குரூப்பில் சேர்க்கப்பட்டு, வெளியே வந்தால் மரியாதை இல்லை, உள்ளே இருந்தால் நிம்மதி இல்லை என்று தவிக்கும் சக பாவிகளே, அந்தப் பட்டன்களையெல்லாம் உங்களுக்கு முன்னாடி அமுக்கிப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தன். திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிடுங்கள்.

பதினெட்டு வருஷம் மறைமலை நகரில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். நான் இருந்த லைனை மூடிவிட்டார்கள். தப்பு கண்டுபிடிப்பதைத் தவிர எனக்கு வேறு எந்த வித்தையும் தெரியாது. பெருங்களத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாடியில் நாலைந்து பிள்ளைகள் புதுசாக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். படம் ஷேர் பண்ணலாம், குரூப்பாகப் பேசலாம், படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் ஒட்டலாம், எல்லாம் ஒரே இடத்தில். தப்பு கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். வேலை வீட்டிலிருந்தே. வீடு பீர்க்கன்கரணையில் ஒரு மாடி போர்ஷன், நான் ஒருத்தன்தான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நீங்களும் கேட்காதீர்கள், எங்கள் சர்ச்சில் கேட்டு முடித்துவிட்டார்கள்.

ஆறு போன்

குரூப் மெசேஜை டெஸ்ட் பண்ண கம்பெனியில் ஆறு போன் கொடுத்தார்கள். ஆறிலும் ஆறு பெயரில் கணக்கு. ரமேஷ், கீதா, பீட்டர், இப்படி நானே வைத்த பெயர்கள். காலை ஒன்பது மணிக்கு ரமேஷ் 'ஹாய்' என்பான். கீதா ஒரு சிரிப்பு பொம்மை போடுவாள். பீட்டர் குரூப்பை விட்டு வெளியேறுவான், ரமேஷ் அவனை மறுபடி சேர்ப்பான். ஆறு போனையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பி, கடம் வாசிக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருப்பேன். ஒரு மாசத்தில் பீட்டர் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்துவிட்டது, எதற்கெடுத்தாலும் வெளிநடப்பு செய்கிறானே என்று.

ஒரு நாள் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மேலே ஏறி வந்தார். சிலிண்டரை இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மேஜையைப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன், ரமேஷ் கேட்பான், கீதா பதில் சொல்வாள் என்று. கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கப் போனவர் திரும்பி நின்று சொன்னார்: "ஆறு போன் வெச்சிகினு கீற, நான் வந்ததுலேர்ந்து ஒண்ணு கூட ரிங் ஆவலையே சார்."

நிஜ ஆட்கள்

அடுத்த கட்டம், நிஜ மனுஷர்களை வைத்து டெஸ்ட் பண்ண வேண்டும். ஆளுக்குப் பதினைந்து பேரைச் சேர்க்கச் சொன்னார் எங்கள் டீம் லீட் கவிதா மேடம். என்னைவிட இருபது வயசு சின்னவர், ஆனால் மேடம் மேடம்தான். பதினைந்து என்ன பிரமாதம் என்று போனில் இருக்கும் பெயர்களை உருட்டினேன். அக்கா. வீட்டுக்காரம்மா. பால்காரர். பழைய கம்பெனி ஆட்கள் மூன்று பேர். சர்ச் பாடகர் குழுவில் நாலு பேர். பல் டாக்டர். பதினொன்றில் வண்டி நின்றுவிட்டது. அம்மாடி, நாற்பத்தெட்டு வருஷத்துச் சம்பாத்தியம் பதினொரு பேர்.

மிச்சம் நாலு இடத்துக்குக் கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்பி அனுப்பிவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவனுக்கு இது பெரிய பாவம், தெரியும். அரை மணி நேரத்தில் கவிதா மேடம் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார்: "சார், கேஸ் புக்கிங் நம்பரை எல்லாம் நண்பர்னு சேர்க்க முடியாது சார்."

அக்காவின் பதில்கள்

அந்தப் பதினொரு பேரில் முதல் ஆளாக உள்ளே வந்தவள் எஸ்தர் அக்கா. மறைமலை நகரில் ஒரு ஸ்கூலில் டீச்சர். பிள்ளைகள் இல்லை. செல்லதுரை அத்தான் மாரடைப்பில் போய் அப்போது இரண்டு வருஷம். அவளுக்கு அங்கே ஒரு வீடு, எனக்கு இங்கே ஒரு மாடி. அவளுக்கு நான், எனக்கு அவள்.

நான் அனுப்புகிற ஒவ்வொன்றிலும் 'டெஸ்ட் மெசேஜ், பதில் போட வேண்டாம்' என்று எழுதியே அனுப்புவேன். மற்ற பத்துப் பேரும் அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கீழ்ப்படிந்தார்கள். அக்கா மட்டும் கேட்கவே மாட்டாள். டெஸ்ட் பதினாலுக்கு 'சாப்பிட்டியா' என்பாள். டெஸ்ட் பதினைந்துக்கு 'மழை வருது, துணியை எடு' என்பாள். நானும் ரிப்போர்ட்டில் 'பதில் வந்தது, மூன்று விநாடி' என்று எழுதிக்கொள்வேன். இதெல்லாம் சும்மா டெஸ்டுக்குத்தான்கா, எழுதித்தானே அனுப்புகிறேன், ஏன் பதில் போடுகிறாய் என்று ஒரு தடவை அலுத்துக்கொண்டேன். அவள் சொன்னாள்: "வேண்டாம்னு நீ போட்டா நான் கேக்கணுமா? சாப்பிட்டியா இல்லியா, அதைச் சொல்லு."

நாலு நாள்

அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்துத் தானே பெயர் ஒட்டும் வசதி வந்தது. அதைப் பழக்க நிறையக் குடும்பப் படங்கள் வேண்டும். என்னிடம் இருக்கும் குடும்பம் எது? அக்கா, அத்தான். அவர்கள் கல்யாணத்திலிருந்து கடைசிக் கிறிஸ்துமஸ் வரைக்கும் நாற்பது படம் ஏற்றினேன். இவர் இன்னாருக்குக் கணவர், இவர் இன்னாருக்குத் தம்பி என்று உறவும் குறித்துக் கொடுத்தேன். பிறகு எங்கள் சர்ச் அசன விருந்துப் படங்களைப் போட்டுப் பார்த்தேன். ஒரு படத்தின் ஓரத்தில், சாம்பார் வாளியோடு குனிந்து நிற்கும் யாரோ ஒரு மீசைக்காரர். அவர் மேல் 'செல்லதுரை' என்று ஒட்டிவிட்டது அந்தச் சனியன். ஒட்டியதோடு விட்டதா? திங்கள்கிழமை காலை அக்காவின் போனுக்குச் செய்தி போனது: 'உங்கள் கணவர் செல்லதுரை ஒரு புதிய படத்தில் இருக்கிறார். ஹலோ சொல்லுங்கள்.' ஹலோ சொல்லும் வரைக்கும் தினமும் காலை ஏழு மணிக்கு ஞாபகப்படுத்தும்.

இங்கேதான் என் பதினெட்டு வருஷப் பழக்கம் காலை வாரியது. ஃபேக்டரியில் ஒரு பீஸ் தப்பாக வந்தால் அதில் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைத்துவிடுவோம். இன்ஜினியர் வந்து பார்க்கும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் தப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும். இந்தப் பகுதியைச் செய்த டெவலப்பர் பிரவீன், தன் அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான், வியாழக்கிழமைதான் வருவான். எனக்கோ, இவ்வளவு பெரிய கோளாறு கையில் சிக்கியதில் உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. செவ்வாய்க்கிழமை அக்கா போன் பண்ணினாள். "அந்தப் படத்தை எடுத்துடுடா" என்றாள். குரலே சரியில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிரவீன் வந்து பார்க்கட்டும்கா, வியாழன் வரைக்கும் பொறுத்துக்கோ" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். மனுஷனா நான்?

வியாழன் காலை பிரவீன் வந்தான், பார்த்தான், பத்து நிமிஷத்தில் சரி செய்தான். அதற்குள் அக்கா ஆப்பிலும், போனிலும், எல்லாரும் வைத்திருக்கிற அந்தப் பச்சை ஆப்பிலும் என்னை பிளாக் பண்ணிவிட்டாள். பிரவீனிடம் நடந்ததைச் சொன்னேன். நல்ல பையன், முகம் வாடிவிட்டது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிட்டு அந்தப் பேர் டேக்கை அப்பவே அழிச்சிருக்கலாமே சார்?"

ஏரி நடுவில்

அதற்கப்புறம் அஞ்சு மாசம் போனது. டெஸ்ட் மெசேஜுக்குப் பதில் வருவது அடியோடு நின்றுவிட்டது. இத்தனை பேர் வந்து போகிற இந்த வேலையில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அக்கா பேச வேண்டும். திட்டியாவது பேச வேண்டும்.

நடுவில் 'நான் எங்கே இருக்கிறேன்' என்று காட்டுகிற வசதி ஒன்று வந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அதைப் போட்டால், வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பீர்க்கன்கரணை ஏரிக்கு நட்ட நடுவில் காட்டுகிறது. உடனே நிறுத்தியிருக்கலாம். இந்தத் தடவை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. யாராவது கேட்கிறார்களா, பார்ப்போமே என்று விட்டுவைத்தேன். இது ரிப்போர்ட்டில் கிடையாது, உங்களிடம்தான் சொல்கிறேன். இரண்டு மணி வரைக்கும், மூன்று மணி நேரம் ஏரியில் கிடந்தேன். பத்துப் பேர் போனிலும் தெரிந்தது. எட்டுப் பேர் பார்த்ததாகவும் காட்டியது. பல் டாக்டர் கூட ஒன்றும் கேட்கவில்லை.

குளிக்கலாம் என்று போனால் குழாயில் தண்ணீர் இல்லை. கீழே இறங்கி வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "நீங்க ஏரியில இருக்கறதா காட்டுச்சு தம்பி, மேல யாருக்குத் தண்ணின்னு மோட்டார் போடல."

பிளாக்

போன வாரம் பிளாக் பண்ணும் வசதியை டெஸ்ட் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். ரமேஷை கீதா பிளாக் பண்ண வேண்டும். ரமேஷ் அனுப்புகிற மெசேஜ் கீதாவுக்குப் போகக்கூடாது. கீதாவின் படம் ரமேஷுக்குத் தெரியக்கூடாது. குரூப் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாலும் போகக்கூடாது. எப்படியாவது ஒரு சந்து பொந்து இருக்குமா என்று நாள் முழுக்கத் தேடினேன். வழக்கமாக இவ்வளவு உயிரைக் கொடுத்துத் தேட மாட்டேன். ஒரு ஓட்டை கிடைத்தால் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் தேடினேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. சாயங்காலம் ரிப்போர்ட் கொடுக்க ஆபீஸுக்குப் போனேன். பிரவீன் படித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். இத்தனை மாசத்தில் அவனை இவ்வளவு பூரிப்பாக நான் பார்த்ததில்லை: "பாத்தீங்களா சார், நம்ம ஆப்புல ஒரு கோளாறு கூட இல்லாம வேலை செய்யறது பிளாக் மட்டும்தான்."

மறைமலை நகர்

ஆபீஸிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே ஸ்டேஷன், செங்கல்பட்டு வண்டி நின்றது, ஏறிவிட்டேன். அஞ்சு மாசமாக ஏன் ஏறவில்லை என்று கேட்டால், பயம்தான். போனிலேயே வேண்டாம் என்றவள் வாசலில் வைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்? கூடுவாஞ்சேரி தாண்டும் வரைக்கும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றே இருந்தது.

கதவைத் திறந்தாள். கையில் சிவப்புப் பேனா, உள்ளே மேஜையில் பரீட்சைப் பேப்பர் கட்டு. என்னைப் பார்த்தாள். இளைத்திருந்தாள். "செருப்பை வெளியில விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் டீயைத் தொடவில்லை. "அன்னிக்கு நீ கேட்டப்பவே எடுத்திருக்கணும்கா. தப்பு என் மேலதான்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அஞ்சு மாசம் ஆகியிருக்கிறது.

அவள் ஒரு பேப்பரைத் திருத்தி முடித்து மார்க் போட்டாள். "அந்த மெசேஜ் சத்தம் வர்றப்ப எல்லாம் அத்தான் வந்துட்டாருன்னு நெனைக்க நான் என்ன பைத்தியமா? வியாழன் வரைக்கும் பொறுத்துக்கோன்னியே, அதுதான். உன் வேலைக்கு அப்புறம்தான் நான்னு ஆயிடுச்சு" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டே அவள், "சரி, கோவத்துல நான் பிளாக் பண்ணேன். அஞ்சு மாசமா நீ ஒரு வார்த்தை எழுதினியா?" என்றாள்.

"எழுதினாலும் உனக்கு வராதேக்கா. நாள் முழுக்க நான் பார்க்கிற வேலையே அதுதான், எனக்குத் தெரியாதா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்: "வராதுன்னா போடமாட்டியாடா?"

போய்ச் சேராது என்று சத்தியமாகத் தெரிந்த இடத்துக்கும் தினமும் ஒரு வரி எழுதிப் போடுகிற வேலை ஒன்று இருக்கிறதாம், நாற்பத்தெட்டு வயசு வரைக்கும் அதற்கு மட்டும் நான் விண்ணப்பமே போடவில்லை.