வெட்டக் கூடாத மடிப்பு

அச்சகத்தில் எனக்குக் கத்தி என்று பெயர். கட்டிங் மிஷினில் நிற்பவன் என்பதால் வைத்த பெயர் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்தால் பைண்டிங் பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்க எழுந்து போவதைக் கவனித்த பிறகுதான் வேறு காரணமும் இருக்கலாம் என்று உறைத்தது.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. தைத்து ஒட்டி வரும் புத்தகங்களை அடுக்கி ஓரத்தை வெட்ட வேண்டும். அதுவரை பக்கங்கள் மடிப்போடு மூடியே இருக்கும். வெட்டினால்தான் பிரித்துப் படிக்க முடியும். ஊரார் படிப்பதையெல்லாம் திறந்து வைத்தவன் நான். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொள்வேன். சுத்தச் சோம்பேறித்தனம்.

இந்த மிஷினுக்கு முழுக்கைச் சட்டை ஆகாது, மாட்டிக்கொண்டால் இழுத்துவிடும். எனக்கு யார் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தாலும் என் மனைவி கத்தரிக்கோலை எடுத்துக் கையை நறுக்கி, மடித்துத் தைத்துவிடுவாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையும் தப்பவில்லை. "கல்யாணத்துல ஏதுடி மிஷின்?" என்று கேட்டேன். "மறுநாளே அதை வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற ஆளுதானே நீங்க" என்றாள். போட்டுக்கொண்டுதான் போனேன்.

போன வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அவளுடைய பை ஜிப் போட்டபடியே பரண்மேல் கிடந்தது. அங்கே படுக்கையில் அவள் பச்சைக் கம்பளி நூலில் ஏதோ பின்ன ஆரம்பித்ததை என் மகள் பார்த்திருக்கிறாள். நான் உள்ளே வந்தால் மட்டும் அதைப் போர்வைக்குள் தள்ளிவிடுவாள். பேத்திக்கு ஸ்வெட்டர் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

"அப்பா, அந்தப் பைய எறக்கலாமா? அம்மா விட்ட எடத்துலேருந்து நான் முடிச்சிடறேன். பாப்பா வளந்துட்டே போறா, அப்புறம் பத்தாமப் போயிடும்" என்பாள் மகள்.

"பாக்கலாம்மா" என்பேன்.

நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்பதற்குள் தவழ்ந்த குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. ஏணி ஆடுகிறது, இடுப்பு வலிக்கிறது, பரணில் தேள் இருக்கிறது என்று நான் சொல்லாத சாக்கு இல்லை. ஏணி நன்றாகத்தான் இருந்தது. அந்த ஜிப்பைத் திறந்துவிட்டால் அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று பயம். பேரன் பேத்தி எடுத்த மனுஷன் ஒரு பைக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் அந்த நாவல் என் மேசைக்கு வந்தது. மனைவியை இழந்த ஒருவர் எழுதியது, பரிசோதனை நாவல் என்றார்கள். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி. அடுத்த பக்கத்தில் அதுவும் இல்லை. பேப்பர் விற்கிற விலையில் இது என்ன கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே பார்த்தேன். மற்றதெல்லாம் வெட்டியிருக்க, கடைசி மடிப்பு மட்டும் சற்று உள்ளடங்கி, கத்தி படாமல் மூடிக் கிடந்தது. முந்தின ஷிப்ட் ஆள் அரைகுறையாக விட்டுப் போயிருக்கிறான் என்று அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு, பாதிக் கட்டுகளை ஒரு நூல் அளவு வெட்டித் தள்ளினேன். எவ்வளவு சுத்தமான வெட்டு என்று எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். "கடைசி மடிப்ப வெட்டாதேன்னு காலையில சொன்னேன்ல, நீயும் தலைய ஆட்டினியேய்யா."

மிஷின் சத்தத்தில் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். அந்த அத்தியாயம் எழுத்தாளருடைய மனைவியின் கடைசி நாளாம். படிக்கத் துணிகிறவர்கள் தாங்களே பிரித்துப் படிக்கட்டும் என்று மூடி வைக்கச் சொல்லியிருந்தாராம்.

மாலையில் எழுத்தாளரே வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த ஒல்லி மனிதர். நான் வெட்டிய பிரதி ஒன்றை எடுத்தார், கடைசி மடிப்பு வரை புரட்டினார், அதைத் திறக்காமல் மூடினார்.

"மன்னிச்சிடுங்க சார். முடிக்காம விட்டிருக்குன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"முடிச்சுதாங்க குடுத்தேன். எழுதினப்புறம் நானே அதத் திரும்பப் படிக்கல. நீங்க படிச்சீங்களா?"

"நான் எதையுமே படிக்கிறதில்ல சார்."

முதல்முறையாகச் சிரித்தார். "இதப் படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க." வெட்டியது வெட்டியபடியே போகட்டும், மீதியைத் தொட வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பிரதியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, எப்படியும் ஒப்பாரியாகத்தான் இருக்கும் என்று துண்டும் கையுமாக உட்கார்ந்தேன். ஒப்பாரியே இல்லை. மின்விசிறி கடகடக்கிறது என்கிறாள் அந்த அம்மாள். அவர் எழுந்து போய் வேகத்தைக் குறைக்கிறார். புழுங்குகிறது என்கிறாள். கூட்டுகிறார். பக்கம் பக்கமாக இதேதான். இதற்கா இத்தனை மூடு மந்திரம் என்று எரிச்சலாக வந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் சுவிட்சில் கை வைத்தபடி நிற்கிறார். கூட்டச் சொல்லவும் ஆளில்லை, குறைக்கச் சொல்லவும் ஆளில்லை. எனக்குத் துண்டு போதவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு மகளுக்குப் போன் செய்தேன். "ஏணியப் பிடிச்சுக்க ஆள் வேணும், வாம்மா."

பையை அவள் மடியில் வைத்தேன். ஜிப்பை நான்தான் திறந்தேன். மேலே சீப்பு, கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த பவுடர். அடியில் பச்சைக் கம்பளி. மகள் அதை எடுத்து விரித்தாள். விரித்துக்கொண்டே போனாள்.

"பாப்பாவுக்கு இல்லப்பா. உங்க அளவு" என்றாள். கத்திக்குப் பேச வராமல் போன நாள் அது ஒன்றுதான்.

கழுத்துப் பட்டி இருந்தது, இடுப்புப் பட்டி இருந்தது. மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாவம், கை ரெண்டும் பின்ன முடியாமப் போச்சு. நூல் நெறைய இருக்கு, நான் பின்னிடறேன்" என்றாள்.

தோள் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சுற்றிலும் நெருக்கமாகப் பின்னி, முடிச்சுப் போட்டு, நூலை அறுத்திருந்தாள்.

"அந்த நூல்ல பாப்பாவுக்குப் பின்னும்மா. இதுல கை வைக்காதே, அம்மா முடிச்சுட்டுத்தான் போயிருக்கா" என்றேன். "நாளைக்கே இத வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போவேன்னு அவளுக்குத் தெரியும்."