தொனாவின் குழாய்

மலைச்சரிவில் மேப்பிள் மரத்தில் சொட்டும் இனிப்பு நீரைப் பாகாகக் காய்ச்சுகிற குடிசை ஒவிலாவுக்கும் அவன் தம்பி தொனாவுக்கும் பொதுவானது. உள்ளே அப்பா தகரம் வளைத்துச் செய்துவைத்த பெரிய தட்டு. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய். இடது அண்ணனுக்கு, வலது தம்பிக்கு. ஒருநாள் இவன் பக்கம் பாகு இறங்கும், மறுநாள் அவன் பக்கம். பாகு இறங்குகிற பக்கத்தில்தான் சர்க்கரை மணல் என்கிற படிவு அடியில் ஒட்டும். மறுநாள் பக்கத்தை மாற்றி, புது நீரை இந்தப் பக்கம் விட்டால் அது படிவின் மேலேயே ஓடி அதைக் கரைத்துவிடும்.

தொனா இறக்குகிற பாகு எப்போதும் கொஞ்சம் கெட்டி. நேரத்துக்கு இறக்காமல் குழாயடியில் தூங்குகிறான் என்று ஒவிலா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தன் முறை வந்ததும் தம்பி மறுபடியும் அதே முக்காலியில் போய் உட்காருவான்.

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அறுபது தாண்டியபின் ஒரு இலையுதிர் காலத்தில் தொனா சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே ரோசில்டா வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். அவள் மர ஆலைக்கார மெதேயின் மருமகள். புருஷன் செத்து வெகுகாலம். ஒவிலா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை.

பனி இளகி மரங்கள் சொட்டத் தொடங்கின. உதவிக்கு வரட்டுமா என்று தொனா ஆள்விட்டுக் கேட்டான். வேண்டாம் என்று ஒவிலா சொல்லியனுப்பினான். விறகு போடுவதும் பாகு இறக்குவதும் அவன் ஒருத்தனேதான், எல்லாம் இடது குழாயில்தான். வலப்பக்கம் போய்த் தம்பியின் முக்காலியில் உட்கார மனம் வரவில்லை. மேப்பிள் நீரில் முட்டை அவித்து நின்றபடியே தின்றான். உப்பு எங்கே என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

இடப்பக்க அடியில் மணல் கல்லாக இறுகியது. சூடு பாகுக்கு ஏறாமல் தகரத்திலேயே நின்றது. அவர்கள் சித்தி மகன் எவாரிஸ்ட் ஒரு காலை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"என்னடா ஒவிலா, பாகு காய்ச்சுறியா, தகரத்த வறுக்குறியா?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ."

"அந்தப் பக்கம் தொறந்தா தானா கரைஞ்சிரும். இப்படியே எரிச்சேன்னா பெரியப்பா செஞ்ச தட்டு ஓட்டையாயிரும்."

"அது தொனா பக்கம்."

"அவன் பொண்டாட்டி வீட்டுக்குப் போனான். குழாயையுமா கையோட எடுத்துட்டுப் போனான்?"

எவாரிஸ்ட் போனபின் ஒவிலா வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுடையது என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். பிறகு எழுந்து, புது நீரை இடப்பக்கம் திருப்பிவிட்டு, வலது குழாயடியில் தம்பியின் முக்காலியில் போய் உட்கார்ந்தான். மெல்ல மெல்லத் தீய்ந்த வாடை அடங்கியது. படிவின் ஓரம் இளகி நீர் கலங்கியது.

அப்போதுதான் எதிரே இருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தான். இடப்பக்கம் அவன் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து அதில் வானம்தான் தெரியும். இங்கிருந்து நேர் கீழே ரோசில்டாவின் அடுக்களை வாசல் தெரிந்தது. கண்ணாடியில் படிகிற ஆவியைத் துடைத்துத் துடைத்துச் சட்டத்தின் ஒரு மூலையில் வர்ணம் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. ஒருநாள் இரண்டுநாள் தேய்ப்பு அல்ல அது.

அவனும் கையால் துடைத்தான். கீழே கதவு திறந்தது. ரோசில்டா கோழிகளுக்கு எதையோ வீசினாள். அவள் பின்னால் தொனா வந்து நின்று, மேலே, குடிசைக் கூரையின் ஆவியை அண்ணாந்து பார்த்தான். பார்த்தபடியே நின்றான்.

பாகு பொங்கி விளிம்பைத் தொட்டபோதுதான் ஒவிலாவுக்குக் குழாய் ஞாபகம் வந்தது. அன்று அவன் இறக்கிய பாகு கெட்டியாகத்தான் இருந்தது.